செவத்தி பேரில் ஒரு கப்

பத்திரகாளி லேபுக்குள் நுழையும்போது கப்பை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். ஆஸ்லினைத் தவிர உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என்னக்கா, யாருக்கு?” என்றாள் ஆஸ்லின்.

“கொரங்குக்கு.”

ஆஸ்லின் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பாதி மாட்டிய கையோடு நிமிர்ந்தாள்.

“யாருக்கு?”

“செவத்திக்கு, பிள்ள. எங் கடைக் கூரையில வந்து உக்காந்திருக்குமே, மூஞ்சி செவந்தது. அதுக்கு வயித்துல இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு.”

வேறு ஊராக இருந்தால், வேறு மாதமாக இருந்தால், இதைக் கேட்டு ஆஸ்லின் சிரித்து அனுப்பியிருப்பாள். ஆனால் கழுகுமலையில் அப்போது குரங்குகளின் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. மாசி பிறந்ததும் மலையில் சுனைத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சுற்றிலும் கரிசலில் மக்காச்சோளத் தட்டையையும் அறுத்து முடித்து, காடு வெறும் வெடிப்பாகக் கிடந்தது. தின்னவும் குடிக்கவும் இல்லாமல் குரங்குகள் ஊருக்குள் இறங்கின. வருஷா வருஷம் இறங்குவதுதான். இந்த வருஷம் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து குளிக்க ஆரம்பித்துவிட்டன. ஒரு வீட்டில் ஒரு குரங்கு இட்லியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டது. ஆட்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். கூண்டு வைத்துப் பிடித்து மேற்கே மலைக்காட்டில் கொண்டுபோய் விடப்போவதாக வனத்துறைக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மடியில் குட்டி இருப்பதையும் வயிற்றில் குட்டி இருப்பதையும் மட்டும் இப்போதைக்குப் பிடிக்கமாட்டார்களாம்.

அதிலிருந்து டீக்கடையில், தீப்பெட்டி ஆபீஸில், பஸ் நிற்கும் இடத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு பெண் குரங்குக்கும் மாசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“சரிதான். இத எப்படிக்கா புடிச்சீங்க?” என்றாள் ஆஸ்லின், கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி.

“கடைக்குப் பின்னால தகரத்துல உக்காந்திருந்துச்சு. மேல இருந்து மூத்திரத்த உட்டுச்சு. நான் கீழ நின்னு கப்பை நீட்டிட்டேன்.”

“ஒங்க மேல விழலையா?”

“விழாம? குளிச்சிட்டுத்தான் வாரேன்.”

ஆஸ்லின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பத்திரகாளியும் சிரித்தாள். வீட்டிலிருந்து லேப் வரைக்கும் நடந்தபோது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. தடங்கல் இல்லாமல் வந்துவிட்டதில் அவளுக்கே ஆச்சரியம்.

கப்பில் இருந்தது செவத்தியுடையது இல்லை. பத்திரகாளியுடையது.

அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை கரு தங்கியது. முதல் தடவை புருஷன் இசக்கிராஜாவிடம் சொன்னாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் போய்வருகிறவன். வாய் நிற்காத மனுஷன். போகிற வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஆளுக்கொரு பொட்டலம் காரச்சேவு கொடுத்துவிட்டான். இரண்டாவது தடவை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். சேவு கடைக்காரரிடம் மட்டும் காதில் சொன்னானாம். இரண்டுமே மூன்றாம் மாசம் பிறக்கும் முன்னால் போய்விட்டன. அதற்குப் பிறகு அவன் பாட்டு போடாமல் வண்டி ஓட்டிய மாசங்களை அவளால் மறக்க முடியவில்லை. கலைந்தது கூட ஒரு வலியாகப் போய்விட்டது. அந்த மனுஷன் மூஞ்சிதான் மனசைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு தடவை நாள் தள்ளிப்போகும்போதும் தானே கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கி வீட்டில் பார்த்தாள். அதில்தான் பெரிய தொல்லை. அவள் கண்ணுக்கு எல்லா ஸ்ட்ரிப்பிலும் இரண்டாவது கோடு தெரிந்தது. ஜன்னல் பக்கம் பிடித்தால் தெரியும், செல்போன் வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும், காய்ந்தபிறகு எடுத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நாலு நாளில் தீட்டு வந்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள்.

சரி, நம் கண் வேண்டாம் என்று ஆஸ்லினிடம் வந்தாள். நாசரேத்துப் பக்கத்துப் பெண். தனியாக வீடு எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவள். நல்ல பிள்ளை. அதுதான் தொல்லையாகப் போனது. அன்றைக்கு ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள், பத்திரகாளியின் முகத்தைப் பார்த்தாள், திரும்ப ஸ்ட்ரிப்பைப் பார்த்துவிட்டு, “லேசா இருக்க மாதிரி இருக்குக்கா. ஒரு வாரம் கழிச்சுப் பார்ப்போமே” என்றாள். அந்த ‘லேசா’வைப் பிடித்துக்கொண்டு பத்திரகாளி ஒரு வாரம் ஓட்டினாள். ஒன்றுமில்லை என்று ஆனபோது ஆஸ்லின்மேல் கோபம் வரவில்லை. இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவளாலும் உண்மை சொல்ல முடியாது என்று மட்டும் தெரிந்தது.

அதனால்தான் இந்தத் தடவை குரங்கு. குரங்குக்காக யாரும் இரக்கப்பட்டு இல்லாத கோடு ஒன்றை வரவழைக்க மாட்டார்கள்.

ஆஸ்லின் ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் போனை எடுத்து எதையோ பார்த்துச் சிரித்தாள். அக்கறையே இல்லை. அந்த அக்கறையில்லாமை பத்திரகாளிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் ஸ்ட்ரிப்பைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“எக்கா!”

“என்ன பிள்ள?”

“ரெண்டு கோடு! நல்லா தடியா விழுந்திருக்கு பாருங்க. தெருவுல நின்னு பார்த்தாக்கூடத் தெரியும்.”

பத்திரகாளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அப்படியா,” என்றாள். “சரி.”

“சரியாம்ல! கண்ணெல்லாம் கலங்குது? ஒங்க மகளுக்கு விசேஷம் மாதிரில்ல நிக்கீங்க.”

“தெனம் பார்க்குத சீவன்லா.”

“பாவம்க்கா அது. நல்லவேளை பார்த்தோம். இருங்க, கூண்டு வைக்க வந்தவியகிட்ட இப்பவே சொல்லிருதேன்.”

இது பத்திரகாளி நினைத்துப் பார்க்காத இடம். “ஏட்டி, வேண்டாம். எதுக்கு ஊரக் கூட்டுத?”

“சொல்லலன்னா புடிச்சிட்டுப் போயிருவாவளே!” ஆஸ்லின் ஏற்கெனவே நம்பர் போட்டுவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, செவத்தி முழுகாமல் இருக்கிறதென்று. லேபில் சோதித்துச் சொன்னது என்பதால் டீக்கடை வைத்தியர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் இருந்த பத்திரகாளியின் பெட்டிக்கடைக்கு ஆள் வரத்து கூடியது. சோடா, கலர், கடலைமிட்டாய் வாங்க வந்தவர்கள் கூடவே செவத்திக்கு என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். கொய்யாப்பழம், வெள்ளரிப் பிஞ்சு. கடம்பூரிலிருந்து வந்த ஒருவர் ஒரு பொட்டலம் போளியையே வைத்துவிட்டுப் போனார். பூக்கட்டி விற்கும் ஆறுமுகத்தாய் மடியிலிருந்து நாலு வடு மாங்காயை எடுத்து நீட்டினாள்.

“மாசமா இருக்கவளுக்குப் புளிப்பு கேக்கும்ட்டி. கூரையில வச்சிரு, வந்து எடுத்துக்கிடுவா.”

“வச்சிருதேன் மதினி.”

“நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்.”

பத்திரகாளி வெள்ளரிப் பிஞ்சையும் கொய்யாவையும் கூரையில் வைத்தாள். செவத்தி வந்து இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மாங்காயை மட்டும் அவள் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, உப்பைத் தொட்டுத் தொட்டுத் தானே தின்றாள். பல் கூசியது. ஆறுமுகத்தாய் சொன்ன வார்த்தையும் உள்ளே இறங்கிற்று. நேராக வந்திருந்தால் அவள் பயந்திருப்பாள். செவத்தி பேரைச் சொல்லி வந்ததால் பயமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.

இசக்கிராஜாவும் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கலர் குடித்தான். கூரையைப் பார்த்தான்.

“என்ன செவத்தி, மசக்கையா? நமக்குத்தான் கொடுத்து வைக்கல. கடைக்காவது ஒரு வாரிசு வருதே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாட்டிலை வைக்கும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பாட்டில்லாத வண்டி ஞாபகம் வந்தது. “பண்டல் ஏத்த நேரமாகலையா? கெளம்புங்க,” என்றாள்.

நாள்கள் போயின. கூண்டில் பத்துப் பதினைந்து குரங்குகள் விழுந்தன. செவத்தி கூண்டுப் பக்கம் வந்தாலும் ஆட்கள் கம்பை ஆட்டி விரட்டிவிட்டார்கள். பத்திரகாளி தினமும் காலையில் எழுந்ததும் சேலையைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. அதுபோதும் என்று கடை திறந்தாள்.

ஒரு மதியம் போன் வந்தது. ஆஸ்லின்.

“எக்கா, கொஞ்சம் லேபுக்கு வாரீங்களா? கொரங்கு டாக்டர் வந்திருக்காவ. செவத்தியப் பத்திக் கேக்குதாவ.”

கடைக்கு முன்னால் இசக்கிராஜா காலி வண்டியோடு நின்றான். “நானும் அந்த வழிதான், ஏறு,” என்றான். லேபுக்கு எதிரே வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு அவன் போனை எடுத்துக்கொண்டான். அவள் மட்டும் உள்ளே போனாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். லேப் முதலாளி தங்கசாமி தன் நாற்காலியில். ரத்தம் கொடுக்க வந்து தலை சுற்றியவனைக்கூட அவர் அந்த நாற்காலியில் உட்கார விட்டதில்லை. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு வாலிபர், காக்கிக் கலர் சட்டை, முழங்கையில் குரங்கு கீறிய தடம், கையில் டீ. அவர்தான் கால்நடை டாக்டர் ரூபஸ் என்றார் தங்கசாமி. சுவரோரம் ஆஸ்லின்.

“நீங்கதான் மூத்திரம் புடிச்ச அக்காவா?” டாக்டர் சிரித்தார். “நானே கொரங்குட்ட அப்படிப் புடிச்சதில்ல. தப்பா நினைக்காதீங்க, ஒரு சந்தேகம். அது செவத்தியோடதுதானா? வேற எதும் கலந்திருச்சா?”

“அதோடதுதான் சார். ஏன்?”

“மனுஷங்களுக்குப் பார்க்குத ஸ்ட்ரிப்புல இந்தக் கொரங்குக்குக் கோடு விழாது. மாசமா இருந்தாலும் விழாது. ஒங்க செவத்திக்கு விழுந்திருக்குன்னு சொன்னதும் எனக்கு மண்ட காஞ்சுபோச்சு.”

பத்திரகாளிக்குக் காதில் ‘விழாது’ என்பது மட்டும்தான் விழுந்தது. கை தன்னால் வயிற்றுப் பக்கம் போனது. நடுவழியில் அதை இழுத்து முந்தானையைச் சரிசெய்வதுபோல் மாற்றிக்கொண்டாள்.

“அப்போ ஸ்ட்ரிப்பு கெட்டுப்போச்சுங்கீங்களா?” என்றார் தங்கசாமி. நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். “இந்தப் பெட்டியில எத்தன பேருக்குப் பார்த்திருக்கோம் தெரியுமா டாக்டரே! வெயில்ல வச்சியா ஆஸ்லின்?”

“இல்ல அண்ணாச்சி. அலமாரியிலதான் இருக்கு.”

ஸ்ட்ரிப் கெட்டுப்போனது என்றால் அந்தக் கோடு பொய். மாங்காய், காலையில் வருகிற குமட்டல், சேலையில் ஒன்றும் இல்லாதது எல்லாம் பொய். முன்னேயும் இப்படி எல்லாமே இருந்த மாதிரி இருந்து இல்லாமல் போயிருக்கிறது. பத்திரகாளி கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“பதறாதீங்க,” என்றார் டாக்டர். “ஒண்ண எடுத்து வெறும் தண்ணியில முக்குவோம். அதுலயும் ரெண்டு கோடு விழுந்தா ஸ்ட்ரிப்பு கெட்டது. ஒத்தக் கோடுன்னா ஸ்ட்ரிப்பு நல்லாயிருக்கு.”

ஆஸ்லின் அதே பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கித் தாளில் வைத்தாள். நாலு பேரும் காத்திருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் தங்கசாமி கேட்டார்.

“கொரங்கும் நம்ம சாதிதாங்காவ. பெறவு ஏன் விழாது?”

“வயித்துல கரு தங்கினதும் அது ஒரு ஹார்மோன அனுப்பும் அண்ணாச்சி. நான் வந்துட்டேன், தீட்டு வர விட்டுராத, என்னைய வெளிய தள்ளிராதன்னு தாயி ஒடம்புக்குச் சொல்லுத மாதிரி. அதத்தான் இந்த ஸ்ட்ரிப்பு புடிக்கும். சிம்பன்சி, கொரில்லாவுக்கெல்லாம் அது நம்மளோடதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு. அதுக மூத்திரத்துல இத முக்கினா கோடு விழும். நம்ம ஊர்க் கொரங்கு கொஞ்சம் தூரத்துச் சொந்தம். அதுகிட்டயும் அதே வேலையச் செய்யுத ஹார்மோன் உண்டு, ஆனா அச்சு வேற. மனுஷ ஸ்ட்ரிப்புக்கு அது புடிபடாது.”

“ஓகோ.”

“இன்னொன்னு. கொரங்குக்கு அது தொடக்கத்துல கொஞ்ச நாள்தான் வரும். அதோட நின்னுரும். நமக்கு அப்படியில்ல, பிள்ள பொறக்குதவரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

“அது நின்னுட்டா?” என்றாள் பத்திரகாளி.

டாக்டர் திரும்பினார். “கொரங்குக்கா? நின்னா ஒண்ணும் இல்லக்கா. குட்டி அதுபாட்டுக்கு உள்ள வளரும்.”

“மனுஷிக்கு?”

டாக்டர் டீயை உதட்டருகே கொண்டுபோனவர் குடிக்கவில்லை. “மனுஷிக்கு…” என்றார். “ஆரம்பத்துலயே நின்னுட்டா, சில நேரம் தங்காமப் போயிரும்க்கா.”

பத்திரகாளி தலையை ஆட்டிக்கொண்டாள், தெரிந்த விஷயத்தைக் கேட்டவள்போல. சுவரோரம் நின்ற ஆஸ்லின் அவளையே பார்த்தாள். அவள் கண் பத்திரகாளியின் முகத்திலிருந்து முந்தானையைப் பிடித்திருந்த கைக்கு இறங்கியது. பிறகு சட்டென்று குனிந்து ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள்.

“ஒத்தக் கோடுதான் சார்,” என்றாள்.

பத்திரகாளிக்கு மூச்சு வந்தது.

“பார்த்தீங்களா, ஸ்ட்ரிப்பு நல்லாத்தான் இருக்கு,” என்றார் டாக்டர். “அப்போ அந்தக் கப்புல இருந்தது கொரங்கோடது இல்ல. மனுஷியோடது.”

டாக்டருக்கே தான் சொன்னது எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நான்தான் மாத்திட்டேன் சார்,” என்றாள் ஆஸ்லின்.

“என்னத்த மாத்தின?” என்றார் தங்கசாமி.

“கப்ப. அன்னிக்கு வேற ஒரு அக்காவோடதும் மேசையில இருந்துச்சு. எடுக்கும்போது மாறிப்போச்சு போல.”

தங்கசாமி எழுந்துவிட்டார். “கப்பு மாறிப்போச்சா? என்னட்டி சொல்லுத? லேபுல கப்பு மாறலாமா? நாளைக்கு ஒருத்தன் சக்கரைய இன்னொருத்தனுக்கு எழுதிக் கொடுத்திருவ! பதினெட்டு வருஷமா நடத்துதேன், ஒரு பய ஒரு சொல்லு சொன்னதில்ல. கப்ப மாத்துதவளுக்கு இங்கன என்ன வேலை? ஒங்க ஊருக்கே போயிரு!”

ஆஸ்லின் கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினாள். ஒரு தடவை பத்திரகாளியைப் பார்த்து, போய்விடுங்கள் என்பதுபோல் வாசலைக் கண்ணால் காட்டினாள்.

வாசல் இரண்டடி தூரத்தில் இருந்தது. வேப்பமரத்தடியில் இசக்கிராஜா வண்டிக்குள் காலை நீட்டிப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். போய் ஏறிக்கொண்டால் முடிந்தது. மூன்று மாசம் தாண்டும்வரைக்கும் ஒரு வாய் அதைச் சொல்லாது, ஒரு கண் அவள் வயிற்றைப் பார்க்காது. இந்தப் பிள்ளை மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாசரேத்துக்குப் பஸ் ஏறும், கப்பை மாற்றியவள் என்ற பேரோடு.

“அண்ணாச்சி,” என்றாள் பத்திரகாளி. “அவ மாத்தல.”

“நீ சும்மா இரும்மா. அவளே ஒத்துக்கிட்டா.”

“மாத்தலைங்கேன்லா. நான் கொண்டாந்த கப்பத்தான் அவ பார்த்தா. சரியாத்தான் பார்த்தா. அது செவத்தியோடது இல்ல, என்னோடது.”

தங்கசாமி டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“கொரங்கோடதுன்னு நான்தான் பொய் சொன்னேன். எனக்குன்னு சொன்னா இந்தப் பிள்ளைக்கு எம் மூஞ்சியப் பார்த்து மனசு கேக்காது. இல்லாததையும் லேசா இருக்கும்பா. எங் கண்ண என்னாலயே நம்ப முடியல. அதான் கொரங்கு பேரச் சொன்னேன்.”

இவ்வளவையும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

ரூபஸ் எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அக்கா, அப்போ நீங்க… வாழ்…”

“சார்!” பத்திரகாளி கையை நீட்டித் தடுத்தாள். “சொல்லிராதீங்க. யாரும் ஒரு வார்த்த சொல்லப்படாது. ரெண்டு தடவை எல்லாரும் சொல்லித்தான் போச்சு. மூணு மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் செவத்திதான் மாசமா இருக்கா. நான் இல்ல.”

ரூபஸ் வாயை மூடிக்கொண்டார். பாதி சொன்ன வார்த்தையை என்ன செய்வதென்று தெரியாமல் டீ கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தங்கசாமி தொண்டையைச் செருமினார். மேசையைச் சுற்றி வந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மின்விசிறிக்கு நேர் கீழே போட்டார்.

“உக்காரும்மா.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“உக்காருங்கேன்லா. நின்னுக்கிட்டே இருக்கா!” ஆஸ்லின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “ஏட்டி, இவளுக்கு ஒரு தண்ணி கொண்டாந்து கொடு. பொய் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பொய் என்னத்துக்கு.”

பத்திரகாளி உட்கார்ந்தாள். ஆஸ்லின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்தாள்.

“எக்கா,” என்றாள் ஆஸ்லின், காதோரம். “இன்னொருக்கா பார்க்கணுமா?”

பத்திரகாளி டாக்டர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறக்கும்வரைக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். போன தடவைகளில் எந்த நாளில் அது நின்றதோ, அது தெரியாமல் அவள் கடையில் கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

“பாரு,” என்றாள். “இந்தத் தடவ எம் பேர எழுதிப் பாரு.”

லேபுக்குப் பின்னால் போய் வந்து கப்பைக் கொடுத்தாள். மூடியில் ஆஸ்லின் பத்திரகாளி என்று எழுதினாள். தங்கசாமி டாக்டரை இழுத்துக்கொண்டு வாசலில் போய் நின்று, குரங்கு ஏன் தக்காளியை மட்டும் கடித்துத் துப்புகிறது என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரகாளி இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை, ஸ்ட்ரிப்பையும் பார்க்கவில்லை. ஆஸ்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்லினும் நிமிராமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு எழும்ப எழும்ப அவள் உதடு அழப்போகிறவள் மாதிரிக் கோணியது.

“இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்குக்கா,” என்றாள். “லேசாலாம் இல்ல.”

“நெசமாவா?”

“கொரங்கு மேல சத்தியமா.”

பத்திரகாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து மூக்கைத் துடைத்தாள். கோவில்பட்டியில் டாக்டரம்மாவிடம் எந்தக் கிழமை போகவேண்டும் என்று ஆஸ்லின் சொல்ல, தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வாசலில் டாக்டர் வழிவிட்டு நின்றார்.

“சார், செவத்திய என்ன செய்வீங்க?”

“கையால தொட்டுப் பார்த்தாத்தான் அதுக்கு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்,” என்றார் ரூபஸ். “தொட வேண்டாம்னு நினைக்கேன். இங்கனயே இருக்கட்டும். ஊரே மாசமாக்கி வச்சிருக்கு, நான் ஏன் கெடுக்கணும்.”

அவள் வேப்பமரத்தடிக்கு நடந்தாள். உள்ளே மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பேரும் நல்லவர்கள்தான். ஆனாலும் இது இனி வேறு ஒருத்தர் வாயிலிருந்து அந்த மனுஷனுக்குப் போகக்கூடாது.

இசக்கிராஜா வண்டியைக் கிளப்பினான். பாட்டு சத்தமாக எழுந்தது.

“என்னவாம்? செவத்தியப் புடிச்சிட்டுப் போறாவளா?”

“இல்ல. விட்டுட்டாவ.”

“நல்லதாப் போச்சு. அதுக்குன்னு ஒரு தார் பழம் சொல்லி வச்சிருந்தேன்.”

“இந்தாங்க,” என்றாள். “அந்தக் கப்பு அதோடது இல்ல.”

“எந்தக் கப்பு?”

“லேபுல பார்த்தது. கோடு விழுந்தது.”

“பின்ன யாரோடது?”

அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். வண்டி கொஞ்ச தூரம் தானாகவே போயிற்று. பிறகு இசக்கிராஜா கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். பழைய மாதிரி இல்லை இது, அவளுக்குத் தெரிந்தது. ஏதோ கேட்க ஆசைப்பட்டு நிறுத்தியவன்போல நிறுத்தினான். வாயைத் திறந்து திறந்து மூடினான். கண் ரோட்டிலேயே இருந்தது.

கடைத்தெருவில் சேவு கடைக்காரர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். “ஏய் இசக்கி! சூடா இருக்கு, போடட்டுமா?”

இசக்கிராஜாவின் கால் பிரேக்குக்குப் போனது. பழக்கம். பத்திரகாளி அவன் காலைப் பார்த்தாள்.

“இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி,” என்றான் அவன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. “பெறவு பார்ப்போம்.”

வண்டியை முதல் கியருக்குக் கொண்டுவந்தான். பள்ளம் இல்லாத இடத்திலும் பள்ளத்துக்கு ஓட்டுவதுபோல் ஓட்டினான். பின்னால் வந்த சங்கரன்கோவில் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவன் வேகத்தைக் கூட்டவில்லை.